மொட்டைமாடி பூஸ்டர்

அலைவரிசைக் கண்காணிப்பு அலுவலகத்தில் அவருக்கு 'மோப்பக்காரர்' என்று பெயர். அனுமதியில்லாத அலை எந்தச் சந்திலிருந்து கிளம்பினாலும் போய்ப் பிடித்துவிடுவார்.

அந்த வாரம் வந்தது பெரிய புகார். மேட்டுத் தெருவில் கைப்பேசிப் பேச்சு பாதியில் அறுந்துகொண்டே இருந்தது. நெஞ்சு வலித்த ஒருவர் ஆம்புலன்ஸுக்கு முயன்று முயன்று தோற்றிருக்கிறார்; பக்கத்து வீட்டுக்காரர் காரில் போட்டுக்கொண்டு ஓடியதால் பிழைத்தார். யாரோ சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் கருவியை முறையில்லாமல் மாட்டியிருக்கிறார்கள், அதன் இரைச்சல் செல்போன் கோபுரத்தின் காதை அடைக்கிறது என்று மோப்பக்காரருக்குப் புரிந்துவிட்டது.

காலையில் வண்டி கிளம்பியது. வண்டிக்குள் இருந்த கருவியின் திரையில் இரைச்சல் ஒரு மேடுபோல எழுந்து நின்றது.

"இன்னைக்கு யாரு குடுமி சார் நம்ம கையில?" என்று சிரித்தார் ஓட்டுநர்.

தெருமுனையில் இறங்கி, கை ஆண்டெனாவை வீடு வீடாகத் திருப்பிக்கொண்டே நடந்தார். பச்சைக் கதவு வீட்டின் முன் அளவுகாட்டியின் முள் உச்சிக்குப் போனது. பக்கத்து வீடாக இருக்கக் கூடாதா என்று மறுபடியும் திருப்பிப் பார்த்தார். இல்லை. அது அவருடைய அக்கா வீடேதான்.

"சார், நான் வண்டியிலயே இருக்கேன். நீங்க மட்டும் போய்ப் பேசிட்டு வாங்களேன்," என்றார், பின்னாலேயே வண்டியை ஓட்டி வந்த ஓட்டுநர் மெதுவாக. அது யார் வீடென்று அவருக்கும் தெரியும்.

அதுதான் அவருக்குச் சுருக்கென்றது. சொந்த அக்கா என்று மூடி மறைத்தான் என நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது.

"எல்லாருக்கும் என்ன முறையோ அதேதான். சீல் வைக்கிற பையை எடுத்துட்டு வாங்க."

கதவைத் திறந்த அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "வாடா, சாப்பிட்டியா?"

"மாடியில இருக்கிற பூஸ்டருக்கு அனுமதி இருக்கா?"

விளையாடுகிறான் என்று நினைத்தாள். பையையும் வாசலில் கூடிய தெருக்காரர்களையும் பார்த்த பிறகுதான் சிரிப்பு வடிந்தது.

"பிள்ளைத்தாச்சிப் பொண்ணு கண்காணாத ஊர்ல கிடக்கா. அவ குரல் விட்டுவிட்டுக் கேக்குதுன்னு கடைக்காரர்கிட்ட சொன்னேன், மாட்டிட்டுப் போனாரு. இது தப்புன்னு எனக்கென்னடா தெரியும்?"

அவர் மாடிக்கு ஏறிக் கழற்றினார். பையில் போட்டுச் சீல் வைத்துக் கையெழுத்து வாங்கினார்.

"ஒரு போன் பண்ணியிருந்தா நானே கழட்டி வெச்சிருப்பேனே தம்பி," என்றாள் அக்கா. "ஊரைக் கூட்டி என்னைத் திருடி ஆக்கணுமா?"

"சட்டம்னா சட்டம்தான்க்கா."

வண்டித் திரையில் மேடு அடங்கியிருந்தது. ஓட்டுநர் வண்டியை நேரே அலுவலகத்துக்கு விட்டார்.

இன்னும் நாள் இருக்கும்போதே பிரசவம் முந்திக்கொண்டது. அக்கா மகளின் அழைப்பு அவருக்குத்தான் வந்தது. "மாமா, அம்மாவுக்கு லைனே கிடைக்கல. பொண்ணு பொறந்திருக்கா. நீங்க போய்ச் சொல்லிடுங்க."

போய்ச் சொன்னார். அக்கா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"முதல் அழுகையைப் போன்லயாவது கேக்கலாம்னு இருந்தேன்," என்றாள்.

அதன்பின் அவரே செல்போன் கம்பெனிக்கு அலைந்து, முறையான கருவியைப் பொருத்தவைத்தார். இப்போது அந்த வீட்டில் பேச்சு தெளிவாகக் கேட்கிறது. தெருவில் யாருக்கும் தொந்தரவில்லை.

"வேலையைத்தானே செஞ்சீங்க, விடுங்க," என்பாள் அவர் மனைவி.

"வேலை சரிதான். வண்டியை முனையில நிறுத்திட்டு, ஒரு நிமிஷம் தம்பியா உள்ளே போயிருக்கலாம்," என்பார்.

வாரம் தவறாமல் அக்கா வீட்டுக்குப் போகிறார். அவளும் சாப்பாடு போடுகிறாள். பேத்தியின் படங்களைக் காட்டுகிறாள். அதற்குமேல் இருவருக்கும் பேச்சு ஓடுவதில்லை.