முழு எடை

ஐந்தருவிக்குப் போய் வரலாம் என்று நெல்லையப்பன் கார் கொண்டுவந்தார். வேல்ராஜ் ஏறிக்கொண்டான். வேண்டாம் என்று சொல்லவும் தோன்றவில்லை. வெடிப்புக்குப் பிறகு இடது காது கேட்பதில்லை. மற்ற உணர்வுகளும் அப்படித்தான். தொட்டால் தெரிகிறது, உறைப்பதில்லை.

சாரல் விழுந்துகொண்டிருந்தது. நெல்லையப்பன் மிளகாய் பஜ்ஜி வாங்கி வந்து அவனுக்கு வலப்பக்கம் உட்கார்ந்தார்.

"திங்கக்கிழமை விசாரணை. உன்னத்தான் முதல்ல கூப்பிடுவாங்க."

அவர்கள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தின் பீரங்கிச் சோதனைக்கு நெல்லையப்பன்தான் விஞ்ஞானி. வேல்ராஜும் ராயகிரிக்காரன் செந்தில்வேலும் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்து பீரங்கிக்கு வெடிமருந்து நிரப்புகிறவர்கள். மருந்து சூடாக இருந்தால் வேகமாக எரியும், குழலுக்குள் அழுத்தம் ஏறும். அதனால் எடை குறைத்துப் போடுவார்கள். மின்சாரத்தில் எழும் பிளாஸ்மாவால் பற்றவைத்தால் சூடு, குளிர் என்ற வித்தியாசமே இருக்காது என்பது நெல்லையப்பனின் கணக்கு. குளிரவைத்த மருந்து அப்படித்தான் எரிந்து காட்டியது. வெடிப்பு நடந்த அன்று மத்தியானம், சூட்டுப் பெட்டியில் சூடேற்றி எடுத்த மருந்தையும் முழு எடைக்கே போடச் சொன்னார். குழல் பிளந்தது. இரும்புத் துண்டு மறைப்பைத் துளைத்துக்கொண்டு வந்தது. அந்தப் பக்கம் செந்தில்வேல் நின்றான்.

"செந்தில்வேல் அவனாவே முழு எடை போட்டுட்டான்னு சொல்லிரு."

"நல்ல காதாப் பாத்துத்தான் உக்காந்திருக்கீக, சார்."

"வெளையாடாதலே. என் சர்வீசு பூரா இதுக்குத்தான் போயிருக்கு. செத்தவனுக்கு இனி வேல போகப்போவுதா?"

"அவன் பொஞ்சாதி சங்கரேஸ்வரிக்கு வேல தரணும்லா. தப்பு அவன் மேலன்னா தருவாவளா?"

"நான் வாங்கித் தாரேன்."

"அண்ணாச்சி, பஜ்ஜி ஆறுது! சண்டைய பொறவு போடுங்க" என்றாள் கடைக்காரி.

வேல்ராஜ் ஒன்றைக் கடித்தான். கோபம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. செந்தில்வேலின் முகத்தை நினைத்துப் பார்த்தான். அதற்கும் ஒன்றும் வரவில்லை.

"குறைச்சுப் போடவான்னு அவன் ரெண்டு தரம் கேட்டான். நீங்க வேண்டாம்னீக. அதத்தான் சொல்லுவேன்."

 நெல்லையப்பன் கார் சாவியை எடுத்தார்.

"பஸ்ல போயிருவியா?"

"போயிருவேன்."

கார் திரும்பிப் போனது. சங்கரேஸ்வரி வீட்டுக்கு அவன் இன்னும் போயிருக்கவில்லை. ராயகிரிக்கு இங்கிருந்து பஸ் உண்டா என்று கடைக்காரியிடம் கேட்டான்.

"தென்காசி போயி மாறணும்" என்றாள் அவள்.