ஏசி நின்றதும் கேக் சாய்ந்ததும்

வீடு முழுக்கக் குளிர் விடும் சென்ட்ரல் ஏசிக்கு, நின்றுபோக வேறு நாளே கிடைக்கவில்லையா? சாப்பாட்டு மேஜையில் மூன்றடுக்குக் கேக் நின்றது, ஃபிரிட்ஜில் நுழையாத உயரத்தில். மாலையில் நாத்தனார் மகளின் கல்யாண வரவேற்பு. "கடையிலேயே வாங்கிக்கலாமே அண்ணி, உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" என்று நாத்தனார் இழுத்தபோது, "நானே செய்றேன்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் இவள். இப்போது கேக் கெட்டால் நாத்தனார் முகத்தில் எப்படி விழிப்பது? மேலடுக்கின் க்ரீம் பூக்கள் ஏற்கெனவே பளபளக்கத் தொடங்கியிருந்தன.

"மெக்கானிக்கைக் கூப்பிடுங்க."

"அப்புறம் நான் எதுக்கு இருக்கேன்?" என்றார் கணவர்.

அதைத்தான் அவளும் பல வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

அவர் சுவரிலிருந்த தெர்மோஸ்டாட்டுக்குப் புது பேட்டரி போட்டார். பிரேக்கரை அணைத்துப் போட்டுப் பார்த்தார். ஃபில்டரை உருவி, கேக்குக்குப் பக்கத்திலேயே தூசி தட்டப் போனார்.

"அய்யய்யோ, வெளியே கொண்டு போங்க!"

திரும்ப மாட்டியும் ஏசி கம்மென்று கிடந்தது. "கம்ப்ரஸர் போயிருக்கும்" என்று பெரிய டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினார். பொறுமைக்கும் ஓர் எல்லை இல்லையா? அவளே மெக்கானிக்குக்குப் போன் செய்தாள். நாளைக்குத்தான் வர முடியுமாம்.

முடியை அள்ளிச் செருகிக்கொண்டு ஏணியில் ஏறினாள். ஏசி மெஷின் இருந்த கூரைக்குள் டார்ச் அடித்தாள். மெஷினுக்கு அடியிலிருந்த தட்டில் விளிம்புவரை தண்ணீர். அதில் ஒரு சின்ன மிதவை மேலே ஏறி நின்றது. தண்ணீர் நிரம்பினால் அந்த மிதவை ஏசியை நிறுத்திவிடும், அவ்வளவுதான் சங்கதி. அப்படியென்றால் தண்ணீர் வெளியே போகவில்லை!

பின்வாசலுக்கு ஓடினாள். ஏசித் தண்ணீர் வெளியேற சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த குழாயின் வாயில் தக்கை அடித்து, அதன்மேல் டேப் சுற்றி, போதாததற்குக் கம்பியும் கட்டியிருந்தது. இவ்வளவு அக்கறையாக வேலை செய்கிறவர் இந்த வீட்டில் ஒருவர்தான்.

"இதை ஏங்க அடைச்சீங்க?"

"தண்ணி சொட்டிச் சொட்டித் தரை வழுக்குதுன்னு நீதானே சொன்ன? அதான் முந்தாநாள் சரி பண்ணேன்."

அழுவதா சிரிப்பதா என்றே தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தக்கையைப் பிடுங்கினாள். தண்ணீர் பீறிட்டு அவர் பேன்ட்டை நனைத்தது. நன்றாக வேண்டும்!

ஏசி உறுமிக்கொண்டு கிளம்பியபோது மேலடுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அந்த நேரம் பார்த்தா நாத்தனார் வந்து நிற்க வேண்டும்? அவள் கேக்கைப் பார்த்தாள். அண்ணியைப் பார்த்தாள்.

"ஏசி கெட்டுப்போச்சும்மா" என்றார் கணவர்.

"கெட்டெல்லாம் போகல. உங்க அண்ணன் சரி பண்ணினார்" என்றாள் இவள். மானம் போனபிறகு மரியாதை என்ன வேண்டிக்கிடக்கிறது?

நாத்தனார் அண்ணனின் நனைந்த பேன்ட்டை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கைப்பையை நாற்காலியில் போட்டாள்.

"சின்ன வயசுல என் சைக்கிளையும் இப்படித்தான் சரி பண்ணார். அன்னிலேருந்து அதுக்கு பிரேக்கே இல்ல. பாவம் அண்ணி நீங்க! கத்தி எங்க? மேலடுக்கை எடுத்துடலாம். மூணு அடுக்குன்னு நம்ம ரெண்டு பேருக்குத்தானே தெரியும்?"

இவளுக்குக் கண் கலங்கிவிட்டது. கத்தியை எடுத்து நீட்டினாள்.

"நான் வேணா பிடிக்கட்டுமா?" என்று கணவர் கிட்டே வந்தார்.

"தொடாதீங்க!" என்றார்கள் இருவரும்.