லுவானின் வாயசைப்பு

"சுட்ட பன்றி விலாவோட ஒரு தட்டு சோறு, மீன் சாறு தனியா" என்று நான் கேட்டதும், கடைக்காரப் பெண் கரண்டியை வைத்துவிட்டுத் திரும்பினாள். முகம் மலர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் வாடிவிட்டது. எனக்கு இது பழக்கம்தான். சைகோனில் எந்தச் சந்தில் வாயைத் திறந்தாலும் பெண்கள் இப்படித்தான் திரும்புவார்கள், இப்படித்தான் ஏமாந்துபோவார்கள்.

"நடிகர் லுவான் மாதிரியே பேசுறீங்க. நல்லா வருது உங்களுக்கு மிமிக்ரி" என்றாள்.

நான் அவனைப் போலப் பேசவில்லை அம்மா, அவன்தான் என் குரலில் பேசினான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் சிரிப்பாள். எலும்பைக் கடித்தேன். அன்று நான் கிளம்பியிருந்ததும் அவனைப் பார்க்கத்தான்.

எங்கள் இளமையில் வீடியோப் படங்கள் வாரத்துக்கு ஒன்றாக வெந்து இறங்கின. வெந்நீர் ஊற்றிய நூடுல்ஸ் என்று பத்திரிகைகள் கேலி செய்தன. லுவான் பின் தின் மாகாணத்துக் கடற்கரையிலிருந்து வந்தவன். முகம் என்றால் அப்படியொரு முகம். வாயைத் திறந்தால் மீன் ஏலம். அந்த ஊர்ப் பேச்சு சைகோன் காதலனுக்கு ஒத்துவராது என்று அவனுக்குக் குரல் கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். படப்பிடிப்பில் கேமராவுக்குக் கீழே ஒருவர் குந்திக்கொண்டு வசனத்தை வாசிப்பார், இவன் வாயசைப்பான். அதுவும் தப்பிப்போனால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவான், கண்ணில் நீர் வழிய. பிறகு ஒலிக்கூடத்து இருட்டில் நின்று அந்த எண்களுக்குள் காதலையும் பிரிவையும் திணித்தவன் நான். கைதட்டல் அவனுக்குப் போயிற்று. புத்தாண்டு காலண்டரில் எல்லா மாதமும் அவனே சிரித்தான். எங்கள் வீட்டிலும் ஒன்று தொங்கியது. மாட்டியது என் மனைவி மியென்.

"முகம் அங்க இருக்கு, குரல் இங்க இருக்கு. எனக்கென்ன குறைச்சல்?" என்பாள். விளையாட்டாகத்தான் சொல்வாள். எனக்கு வயிறு எரியும்.

அந்த அலை ஓய்ந்து, அவன் தரை ஓடு விற்கப் போனபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? நான் கொரியத் தொடர்களுக்குப் பேசிக்கொண்டு வேலையோடு இருந்தேன். அவன் சில வருடம் கழித்துத் திரும்பி வந்தான், உதவி இயக்குநராக, தலையில் ஒரு தொப்பியோடு, தன்னைவிடச் சின்னவர்களுக்கு நாற்காலி தூக்கிப் போட்டுக்கொண்டு. அப்புறம் தொடர் இயக்கினான். அப்புறம் படம். வெளிநாட்டு விழா ஒன்றில் எழுந்து நின்று கைதட்டினார்களாம். ஆழமான கலைஞன் என்று எழுதினார்கள். மூன்றுக்கு மேல் எண்ணத் தெரியாதவன் என்று மியெனிடம் சொன்னேன். அவள் அந்தச் செய்தியைக் கத்தரித்து வைத்துக்கொண்டாள்.

அவன் படங்களில் நடிகர்கள் பேசுவதைப் படப்பிடிப்பிலேயே பதிவு செய்தார்கள். மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். எங்களைப் போன்றவர்கள் வீட்டில் உட்கார்ந்தோம். இந்த நிலையில்தான் அவன் புதுப் படத்தில் தானே கிழட்டு மீனவனாக நடிக்கிறான் என்றும், ஒருதரம் ஒலிக்கூடத்துக்கு வர முடியுமா என்றும் போன் வந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன்.

தலை நரைத்திருந்தான். நரையும் அவனுக்கு அழகாகத்தான் இருந்தது, அது வேறு எரிச்சல். எழுந்து வந்து இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டான். ஒலிப்பதிவு செய்யும் பெண்ணிடம் ஒரு காட்சியைப் போடச் சொன்னான்.

பேருந்து நிலையம். கிழவன் மகனை சைகோன் வண்டியில் ஏற்றிவிடுகிறான். கருவாட்டுப் பையை ஜன்னல் வழியாகக் கொடுக்கிறான். போனதும் சாப்பிடு, உங்க அம்மா கேட்பா, என்கிறான். வண்டி நகர்ந்த பிறகும் ஏதோ சொல்லிக்கொண்டே கூட நடக்கிறான். அவ்வளவுதான். அவனுடைய சொந்தக் குரல், கரகரத்த பின் தின் பேச்சு. அவன் நடிக்கவே இல்லை. இதை வைத்துக்கொண்டா இவன் அத்தனை வருடம் எண்ணிக்கொண்டிருந்தான்? இதன் மேலேயா நான் பேசிக்கொண்டிருந்தேன்? முகமும் அவனுக்கு, இதுவும் அவனுக்கு என்றால் எனக்கு என்ன மிச்சம் என்று தோன்றியது.

"ஜனங்களுக்கு உங்க குரல்தான் என் குரல், அதையே வெச்சிரலாங்கிறார் தயாரிப்பாளர். எனக்கு என்னோடத வெச்சுக்க ஆசை தியெப் அண்ணே. ஆனா என் காதை நான் நம்பல. என் வாயை உங்கள விட யாருக்குத் தெரியும்? நீங்க சொல்றதுதான் முடிவு" என்றான்.

"எடுபடல லுவான். மீன் வாடை அடிக்குது" என்றேன்.

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குக் காது இருந்தது.

"அன்னிக்கும் இதேதான் சொன்னாங்க" என்று லுவான் சிரித்தான். பிறகு அவனே வந்து மைக்கை என் உயரத்துக்கு இறக்கினான். உப்பு எலுமிச்சை போட்ட வெந்நீரைப் பக்கத்தில் வைத்தான். எனக்கு அது வேண்டும் என்பதை மறக்காமல் வைத்திருந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் நின்றான்.

திரையில் சத்தமில்லாமல் காட்சி ஓடியது. என் சைகோன் குரலில் பேசினேன். ஓர் உதட்டசைவுகூடத் தப்பவில்லை. ஆனால் மகனை வண்டியேற்றும் கிழவன் அதில் இல்லை. காலண்டரில் சிரிப்பவன்தான் இருந்தான். எனக்கே கேட்டது. இன்னொரு தடவை போடச் சொன்னேன்.

இரண்டாம் தடவை திருடினேன். சற்று முன் கேட்டதை, கரகரப்பும் இழுப்புமாக, அப்படியே எடுத்துப் பேசினேன். என் தொழில் அது, எனக்கு வரும். போனதும் சாப்பிடு என்ற இடத்தில் எதேச்சையாகக் கண்ணாடியைப் பார்த்தேன். லுவான் திரையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தபடி, நான் பேசப் பேச, வாயசைத்துக்கொண்டிருந்தான்.

பாதி வசனத்தில் நிறுத்தினேன். அவன் நிறுத்தவில்லை. இந்த முறை அவன் எண்ணவும் இல்லை. திரையில் வண்டி நகர, கண்ணாடிக்குப் பின்னால் அந்த வாய் அசைந்துகொண்டே இருந்தது. என் பக்கம் ஒரு சத்தமும் வரவில்லை.