சந்தனம் பூசிய பெட்டி

அந்த இரண்டு நடிகர்களின் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை. சொன்னால் இன்றைக்கும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. ஒருவர் வாள் சுழற்றுவார், இன்னொருவர் அழுவார். அது போதும். வாள்காரருக்கு எங்கள் பேட்டையான மண்டி மொஹல்லாவில் ரசிகர் மன்றத் தலைவர் என் வீட்டுக்காரர் கிருஷ்ணராஜ். அழுகைக்காரருக்குத் தலைவர் என் அண்ணன் கணேஷ்குமார். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தவள் காவேரியாகிய நான்.

தொண்ணூற்று நான்கில் என் மகள் மனிஷாவுக்குக் காது குத்த நாள் குறித்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் காது குத்துவதுண்டா? ஆனால் அந்த வருஷப் பொங்கலன்று பந்தியில் அண்ணன், "உங்காளு வாள் சுத்தறப்ப கைதான் முழிச்சிருக்கு மாப்ளே, மூஞ்சி தூங்குது" என்று சொல்லித் தொலைத்தான். இவர் சாப்பிட்ட இலையிலிருந்து எழுந்துவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

"உங்கண்ணன் வந்தா நான் வரலை" என்றார் இவர். "அவரே வந்து கூப்பிடட்டும்" என்றான் அவன். இரண்டு தடிமாடுகளையும் கட்டிப்போட்டு உதைக்கலாமா என்றிருந்தது எனக்கு. இவர்கள் இப்படி ஒரு உலகத்தில் இருப்பதே அந்த நடிகர்களுக்குத் தெரியாது. அப்பா அம்மா போன பிறகு பிறந்த வீடு என்று எனக்கிருந்தது அண்ணன் ஒருத்தன்தான். குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு அழுதேன்.

காதுகுத்துக்கு முந்தின ஞாயிறு, இரண்டு தியேட்டர்களில் காலைக் காட்சிக்கு இரண்டு பேருடைய பழைய படமும் வந்தன. கொள்ளேகாலில் ஓடி முடித்த படப்பெட்டிகள், ஒரே பஸ்ஸின் கூரைமேல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தன. பஸ் ஸ்டாண்டில் இரண்டு மன்றமும் மேளத்தோடு காத்திருந்தன. இவருக்கு தேவராஜா மார்க்கெட்டில் பூக்கடை, மாலைக்குக் கேட்கவா வேண்டும்?

கொள்ளேகால் ரசிகர்கள் ஏற்கெனவே பூசை போட்டு அனுப்பியிருந்தார்கள். தகரப் பெட்டியில் படத்தின் பெயர் எழுதியிருந்த இடத்தில் கெட்டியாகச் சந்தனம், அதன்மேல் குங்குமம். இரண்டு பெட்டியிலும் அப்படித்தான். பூசை பண்ணின பெட்டியை யாராவது சுரண்டுவார்களா? ஆளுக்கொன்றைத் தலையில் ஏற்றிக்கொண்டு ஊர்வலம் கிளம்பிவிட்டார்கள்.

நானும் மனிஷாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தியேட்டருக்குப் போனேன். விளக்கு அணைந்தது, விசில் பறந்தது, இவர் திரைக்கு முன்னால் சூடம் ஏற்றி மூன்று சுற்று சுற்றினார். நிமிர்ந்து பார்த்தால் திரையில் அழுகைக்காரர்.

"நிறுத்துங்கடா! பொட்டி மாறிப்போச்சு!" என்று இவர் கத்தினார். பின்னால் மற்ற ஜனங்கள், ஓடுகிற படத்தை நிறுத்தாதே என்று கூச்சல் போட்டார்கள். இவருக்கு அடுத்த பூக்கடைக்காரி கௌரம்மா, "சும்னே கூத்கொள்ளப்பா!" என்று கன்னடத்தில் ஓர் அதட்டல் போட்டாள். இவர் கப்சிப்பென்று என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் அழுகைக்காரர் எதற்காக அழுதார் என்று கேட்காதீர்கள். நான் திரையைப் பார்க்கவில்லை, இவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மனுஷன் தேம்பித் தேம்பி அழுதார். வாள்காரர் படம் போட்ட மன்றத் துண்டிலேயே மூக்கையும் சிந்தினார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். "வெத்திலை பாக்குத் தட்டோட அண்ணனைப் போய்க் கூப்பிடறீங்களா, இல்ல நீங்க அழுததை உங்க மன்றத்துல சொல்லட்டுமா? கௌரம்மாவும் பாத்தாங்க."

"தூசி விழுந்துதுடி."

"ரெண்டு கண்ணுலயுமா?"

தட்டை எடுத்துக்கொண்டு போனார்.

மாரியம்மன் கோயிலுக்கு அண்ணன் வந்தான். ஆனால் விறைப்பாக வந்தான். "அங்க எங்க படம் ஓடுச்சாமே, பாத்தீங்களா மச்சான்?" என்று இவர் கேட்டதற்கு, "பேரு போடறப்பவே எழுந்து வெளிய வந்துட்டேன்" என்று கோபுரத்தைப் பார்த்துச் சொன்னான். வந்தும் இப்படியா?

ஆசாரி ஒரு காதைக் குத்தியதும் மனிஷா போட்ட அலறலில் புறாக்கள் பறந்தன. இன்னொரு காதைத் தொடவே விடவில்லை. கிலுகிலுப்பை, சர்க்கரை, எதற்கும் மசியவில்லை. அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. சட்டென்று தட்டிலிருந்த வாழைப்பழம் ஒன்றை எடுத்தான். ஒரு புருவத்தை ஏற்றினான். பழத்தை வாள் மாதிரி சுழற்றி, மேலே எறிந்து, இடது கையால் பிடித்தான்.

மனிஷா வாயை மூடினாள். அவள் அப்பா தினமும் சாயங்காலம் கரண்டியை வைத்துக்கொண்டு செய்து காட்டுகிற வேலை அது. அவள் சிரிக்கிற நேரம் பார்த்து ஆசாரி அடுத்த காதையும் முடித்துவிட்டார்.

இவர் அண்ணனையே பார்த்துக்கொண்டு நின்றார். வாளை எறிந்து இடது கையால் பிடிப்பது, அன்றைக்கு அண்ணன் தியேட்டரில் ஓடின வாள்காரர் படத்தின் கடைசிச் சண்டையில்தான் வரும்.

"பேரு போடறப்பவே வந்துட்டீங்களா, மச்சான்?" என்றார். பிள்ளையின் காதில் குத்தியதற்கு அப்பன் அழுதுகொண்டிருந்தார்.

அண்ணன் தன் தோளில் கிடந்த அழுகைக்காரர் படம் போட்ட துண்டை எடுத்து நீட்டினான். இவர் அதை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.