இல்லாத பிரேக்கை மிதித்தவர்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதை நான் திருடியது. எனக்குக் கார் ஓட்டச் சொல்லித்தரும் டீச்சருடையது. சிவப்பு விளக்கில் நின்றபோது அவர் பேச்சை ஆரம்பித்தார். பச்சை விழுந்ததும் என் கையில் வண்டி ஆஃப் ஆகிப்போனது. பின்னால் ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது.

"ஓரமா நிறுத்துங்க, சொல்லி முடிச்சிடறேன். இல்லன்னா நீங்களும் ஓட்ட மாட்டீங்க, நானும் சொல்ல மாட்டேன்."

வீட்டுக்கு வந்து நான் எழுதிய முதல் வரி: "மழை ஓய்ந்த சாலையில் விதி தன்..." (அடித்துவிட்டேன். மழையே பெய்யவில்லை. விதிக்கும் இதில் வேலையில்லை.)

2

நடந்தது இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை டீச்சரின் கணவர் சொந்தக் காரை ஓட்டினார், டீச்சர் பக்கத்து இருக்கையில். கிளைத் தெருவிலிருந்து பெரிய சாலைக்குள் கார் திரும்ப, அங்கே நேராக வந்த ரொட்டி வேன் இடித்தது. யாருக்கும் அடியில்லை.

"இண்டிகேட்டர் போட்டிருந்தான். தெருவுக்குள்ள திரும்பப் போறான்னு நம்பித்தான் எடுத்தேன்" என்கிறார் கணவர். "போடவே இல்ல சார்" என்கிறார் வேன்காரர்.

யார் மேல் தப்போ, அவருடைய ரிப்பேர் செலவில் முதல் பங்கை இன்சூரன்ஸ் தராது. கைக்காசுதான். எக்ஸஸ் என்பார்கள். தப்பு வேன் மேல் என்றானால், வேன்காரரின் முதலாளி அதைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு, ஆளையும் வேலையை விட்டு அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

சாட்சி டீச்சர் ஒருவர்தான். அவருக்கு இன்சூரன்ஸ் படிவத்தில் மூன்று வரி இடம் விட்டிருக்கிறார்கள்.

3

இங்கேதான் என் கதாபாத்திரத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. நாள் முழுக்கச் சாலையைப் பார்ப்பதே தொழிலாக உள்ளவர், அன்று எதையும் பார்க்கவில்லை என்று கணவரிடம் சொல்லியிருக்கிறார்.

"பாக்கலன்னா நல்லதாப் போச்சு. நான் சொல்றத எழுது" என்று பேனாவை நீட்டினாராம் அவர்.

"நிஜமாவே பாக்கலையா டீச்சர்?"

டீச்சர் தன் வலது காலைக் காட்டினார். பயிற்சி வண்டியில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு.

"பார்த்தேங்க. அவன் இண்டிகேட்டர் போடல. பார்த்த உடனே மிதிச்சேன். நல்லா அழுத்தித்தான் மிதிச்சேன். எங்க கார்ல என் பக்கம் வெறும் மிதியடிதான் இருக்கு."

[பதினோரு வருடப் பழக்கம். கத்தினால் பழகுகிறவர்கள் பதறுவார்கள். அதனால் முதலில் கால், அப்புறம்தான் வாய். அன்று வாய்க்கு முறை வருவதற்குள் வேன் வந்துவிட்டது.]

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"பார்த்தேன்னு சொன்னா, ஏன் வாயத் திறக்கலன்னு கேப்பார். ஊருக்கே சொல்லிக்கொடுக்கறவ புருஷனுக்கு ஒரு வார்த்தை சொல்லலியான்னு. என்னத்தைச் சொல்ல? வெக்கமா இருக்குங்க." பிறகு, "அந்த வேன்காரர் இறங்கினதும் நேரா என்கிட்டதான் வந்தார். 'அக்கா, உங்களுக்கு அடிபடலியே'ன்னு கேட்டார்" என்றார்.

4

முடிவு ஒன்று: டீச்சர் உள்ளதை எழுதுகிறார். கணவர் வாய்விட்டுச் சிரித்து... (அந்த மனிதரை எனக்குத் தெரியும். சிரிக்க மாட்டார். ஒரு மாதம் பேசவும் மாட்டார்.)

முடிவு இரண்டு: கணவர் சொன்னபடி எழுதுகிறார். மறுவாரம் ரொட்டி வேனில் வேறொருவர்... (கை ஓடவில்லை.)

கடைசி நிமிடத்தில் கேமராப் பதிவு ஒன்று கிடைப்பதாகவும் யோசித்தேன். வெறும் சோம்பேறித்தனம், விடுங்கள்.

5

நேற்று டீச்சர் படிவத்தை என்னிடமே நீட்டினார். "எழுதறவர்தானே, மூணு வரி எழுதிக் குடுங்களேன்."

நான் கியரைப் பற்றி ஏதோ சந்தேகம் கேட்டேன். என் லட்சணம் அவருக்குப் புரிந்துவிட்டது. படிவத்தை மடியில் வைத்து அவரே எழுதினார்: "நான் வேனைப் பார்த்தேன். அதில் இண்டிகேட்டர்"

போன் அடித்தது. கணவர்.

"எழுதிட்டியா?"

வரி அங்கேயே நிற்கிறது. பேனா இனி உங்கள் கையில், வாசகரே. உங்கள் பக்கத்து இருக்கையில் நான் இருக்கிறேன். என் பக்கம் பிரேக் கிடையாது. அதனால் காலை நம்பாமல் வாயைத் திறந்தே சொல்லிவிடுகிறேன்: நேராக ஒரு வேன் வருகிறது. அதில் ஆள் இருக்கிறார்.