ஏழு விநாடி தாமதம்

1

இந்தக் கதை என் அக்கா செய்த ஒரு தவறிலிருந்து வந்தது. அந்தத் தவறு அவளுடைய டாக்டருக்கு இன்றுவரை தெரியாது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "ஆடைத் தொழிற்சாலையில் துணி வெட்டும் அக்கா, ஒரு நாள் திடீரென்று

வேண்டாம். எதுவும் திடீரென்று நடக்கவில்லை. பதினொரு வருடங்களாக அவளுக்குத் தொண்டை இறுகும், நாக்கு மரத்துப்போகும், பிறகு விழுவாள். தலையில் கம்பிகள் ஒட்டிச் செய்த சோதனையில் ஒன்றும் தெரியவில்லை. "மனசுல ஏதோ கவலை. நல்லாத் தூங்குங்க" என்று அனுப்பினார்கள். போன வருடம் வெட்டும் இயந்திரத்தின் மேலேயே விழுந்தாள். இரண்டு விரல்களில் தையல். அடுத்த முறை விரலோடு நிற்காது.

2

புதிய டாக்டர் மூளைப் படத்தைத் திரையில் திருப்பினார். "காதுக்கு மேல, நல்லா உள்ள, இன்சுலான்னு ஒரு பகுதி இருக்கு. மத்த மடிப்பெல்லாம் அதை மூடிக்கிட்டு இருக்கும். வலிப்பு அங்க ஆரம்பிச்சா வெளியிலேர்ந்து பிடிக்கிறது கஷ்டம்."

"உள்மடிப்புல கறை இருந்தா மேல தெரியாதுல்ல, அது மாதிரி" என்றாள் அக்கா.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "உங்க அக்கா என் நாற்காலிக்கு வந்துடுவாங்க போல."

(முதல் வரைவில் இவரைச் சிடுமூஞ்சியாக எழுதியிருந்தேன். கதைக்கு ஒரு கெட்டவர் வேண்டுமே. உண்மையில் இங்கே யாரும் கெட்டவரில்லை. எனக்கு அதுதான் சிக்கல்.)

3

சோதனை இதுதான். அக்காவின் கையில் ஒரு பொத்தான். தொண்டை இறுகத் தொடங்கியதுமே அமுக்க வேண்டும். பக்கத்தில் மருந்து நிரப்பிய ஊசியுடன் நர்ஸ்; பொத்தான் ஒலித்ததும் போடுவாள். அந்த நேரத்தில் மூளையில் எங்கே ரத்தம் பாய்கிறதோ அங்கே மருந்து தங்கிவிடும். பிறகு படமெடுத்தால் வலிப்பு பிறந்த இடம் ஒளிரும். தாமதித்தால் வலிப்பு பரவிவிடும். பாதி மூளை ஒளிரும், ஒன்றும் விளங்காது.

"எப்பக்கா வரும்? உங்களால நான் பாத்ரூம்கூடப் போகல" என்றாள் நர்ஸ்.

"நீ போ. நீ போனாத்தான் வரும்."

இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் ஏழெட்டு விநாடி தாமதம். இன்னும் ஒரு வாய்ப்புதான் என்றார் டாக்டர்.

4

ஏன் தாமதம் என்று அக்காவிடம் கேட்டேன்.

"தொண்டை இறுகினதும் ஒண்ணு வரும்டா. அப்ப எல்லாமே சரியா இருக்கும். இந்தச் சுவரு, ஜன்னல், நீ, நான் வெட்டிக் கெடுத்த துணி, எல்லாம் எது எங்க இருக்கணுமோ அங்க இருக்கும். அந்த நேரத்துல பொத்தானையா தேடுவாங்க?"*

"தெரிஞ்சேதான் விட்டியா?"

"ஏழு விநாடிதானேடா." பிறகு தையல் போட்ட விரல்களைப் பார்த்தாள். பொத்தானை என் உள்ளங்கையில் வைத்தாள். "என் முகம் மாறினதும் நீயே அமுக்கு. என்னை நம்பாதே."

* இங்கே 'பேரானந்தம்' என்று எழுதி அடித்தேன். அவள் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

5

மறுநாள் காலை பதினொன்றரை. நர்ஸ் ஏதோ கேட்டாள். அக்கா பதில் சொல்லவில்லை. அவள் முகம்

இந்த இடத்தில் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். உரக்க வாசித்துப் பார்த்தேன்: வாசிக்கவே நாற்பது விநாடி ஆனது. ஒரு மனித முகத்தில் அப்படி ஒன்றை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பார்த்துக்கொண்டே இருந்திருக்கலாம். அக்கா ஏன் தாமதித்தாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அரைப் பக்கத்தையும் நீக்கிவிட்டேன். அமுக்கினேன்.

6

திரையில் மங்கிய சாம்பல் மூளை. அதன் உள்மடிப்பில் ஒரே ஒரு புள்ளி, பட்டாணி அளவுக்கு. டாக்டர், அக்கா, நான் மூவரும் திரையை நோக்கிக் குனிந்தோம்.

"இத்தனூண்டு இடத்துலயா?" என்றாள் அக்கா, கோயிலில் பேசுவதைப் போன்ற குரலில்.

"ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம்னு நினைக்கிறேன். அவசரமில்ல. யோசிச்சு இந்தப் படிவத்துல கையெழுத்துப் போடுங்க" என்றார் டாக்டர்.

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் அவள் கையெழுத்திடுகிறாள். மீண்டும் பயமில்லாமல் துணி வெட்டுகிறாள். மற்றொன்றில் அந்த ஏழு விநாடிகளை இழக்க மனமில்லாமல் படிவத்தை மடித்துப் பைக்குள் வைக்கிறாள். இரண்டையும் அவளிடம் கொடுத்தேன். நிதானமாக வாசித்தாள்.

"ரெண்டுமே நல்லாத்தான்டா இருக்கு" என்றாள். "பொத்தானை உன்கிட்ட குடுத்தேன். கையெழுத்தைக் குடுக்கல."