நன்றாக மடிப்பவள்

எங்கள் ஷூ கம்பெனியில் கோவிந்தம்மாள் வேலையை விட்டு நின்றதும் தையல் மிஷின் ஒன்று காலியானது. அன்று மதியம் முபஷ்ஷிரா டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

ஆறு வருஷமாக அவள் மடிப்பு மேஜையில் இருக்கிறாள். தோலின் ஓரத்தில் பசை தடவி, மடித்து, சுத்தியலால் தட்டிக் கொடுப்பாள், நான் தைப்பேன். மேஜையில் இருந்தால் கடைசி வரைக்கும் ஹெல்பர்தான். மிஷினில் உட்கார்ந்துவிட்டால் ஆபரேட்டர், அப்புறம் செக்கர், அதிர்ஷ்டமிருந்தால் சூப்பர்வைசர். இதற்காகவே அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் வாணியம்பாடிக்குப் போய்த் தையல் பயிற்சி முடித்து, சர்டிபிகேட்டும் வாங்கி வைத்திருந்தாள்.

சூப்பர்வைசர் அன்பரசனிடம் போய்க் கேட்டாள்.

"உன்ன மாதிரி மடிக்கிற கை இந்த ஆம்பூர்லயே கிடையாதும்மா. நீ எழுந்துட்டா லைனே நின்னுடும்" என்றார். இதே பதில் மூன்றாவது தடவை. முதல் இரண்டு தடவையும் நேற்று வந்த பெண்களுக்கு மிஷின் போனது.

அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. சிரிக்க வைக்கலாமென்று என் கதையை எடுத்துவிட்டேன். "எனக்கு மிஷின் எப்டி கெடச்சுது தெரியுமா? நான் மடிச்சது அவ்ளோ கேவலமா இருந்துச்சு. இவள இங்க வெச்சா தோலுதான் வீணுன்னு தூக்கி மிஷின்ல போட்டாங்க." மேஜையே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. என் வாய் சும்மா இருந்திருக்கக் கூடாதா?

அந்த வாரம் என் தையல் ஓரத்தை விட்டு விலக ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை நாற்பது ஜோடி ரிஜெக்ட்.

"பிரிசில்லாக்கா, கண்ணு தெரியலன்னா சொல்லுங்க" என்றார் அன்பரசன், எல்லார் முன்னாலும். "திங்கக்கெழமலேர்ந்து நூல் வெட்டுற பக்கம் போய்டுங்க."

பதினோரு வருஷம் மிஷினில் இருந்தவளுக்கு நூல் வெட்டுகிற வேலை! எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ரிஜெக்ட் ஆனதையெல்லாம் மேஜையில் பரப்பி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நாற்பது ஜோடியிலும் ஒரே வளைவில், ஒரே அளவு மடிப்பு விலகியிருந்தது. கை தவறினால் இத்தனை சுத்தமாகத் தவறாது.

முபஷ்ஷிராவிடம் போனேன். "வேணும்னே பண்ணியாடி?"

"மடிப்பு கெட்டுட்டா எனக்கும் மிஷின் குடுப்பாங்கன்னு நெனச்சேன்க்கா. உங்க மேல பழி வரும்னு சத்தியமா நெனைக்கல."

அறைந்திருப்பேன். அதற்குள் அவள் கையைத் துடைத்துக்கொண்டு நேராக அன்பரசனிடம் போய், லைன் மொத்தமும் கேட்க, நடந்ததைச் சொல்லிவிட்டாள். வேலை போச்சு என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

அவர் நெற்றியைத் தேய்த்தார். "சரி, போனது போகட்டும். மெமோலாம் வேணாம். பிரிசில்லாக்கா மிஷின்லயே இருக்கட்டும். நீ போய் மேஜைல உக்காரு. உன்ன விட்டா எனக்கு ஆளு இல்ல."

அதுவரை அழாமல் நின்றவள், மன்னித்ததும் உடைந்து அழுதாள். வேலையை விட்டு அனுப்பக்கூட முடியாத அளவுக்கு நன்றாக மடிக்கிறாள், பாவம்.

என் கோபம் ஆள் மாறியது. "மடிக்கத் தெரியாத எனக்கு மிஷின் குடுத்தீங்க. நல்லா மடிக்கிறவளுக்கு ஆறு வருஷமா மேஜை. இது இன்னா சார் நியாயம்?"

பக்கத்து மிஷின் நின்றது. அதற்கடுத்ததும் நின்றது.

அன்பரசன் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே டார்கெட் கேட்பவர்கள் இருக்கிறார்கள். "ரெண்டு பேருக்கு மடிக்கச் சொல்லிக் குடுக்கட்டும். அடுத்த மாசம் பாக்கலாம்" என்றார்.

"சொல்லிக் குடுக்கறேன் சார்" என்றாள் முபஷ்ஷிரா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "ஆனா அடுத்த மாசம் வேணாம். காலைல மடிப்பு, மத்தியானம் மிஷின். இன்னிலேர்ந்தே."

பதிலுக்குக் காத்திருக்காமல் போய், இன்னும் காலியாகக் கிடந்த கோவிந்தம்மாளின் இடத்தில் உட்கார்ந்தாள். அன்பரசன் அடுத்த லைனைப் பார்க்கப் போனார். நூல் கோத்துக் கொடுக்கலாமென்று கிட்டே போனேன்.

"நீங்க போங்கக்கா" என்று சொல்லிவிட்டு அவளே கோத்துக்கொண்டாள்.